ஃப்ளாஷும் பிலிம் கேமராவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிலிம் கேமராவில் தனி ஃப்ளாஷைப் பொருத்தி எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சங்கள் பதிகின்றன. ஒன்று, அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிற வெயிலோ விளக்கொளியோ. இன்னொன்று ஃப்ளாஷின் ஒளி. முன்னது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் பிலிமில் சேர்ந்துகொண்டே போகும். பின்னது, முழுத் திறனில் எரிந்தாலும் ஏறத்தாழ 1/1000 வினாடியில் முடிந்துவிடும். ஃப்ளாஷைப் பற்றிப் புழங்கும் தவறான நம்பிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை. டிஜிட்டல் கேமராவின் திரை தவறை அப்போதே காட்டிவிடும். பிலிமில் ரோலைக் கழுவும் வரை தெரியாது. அதற்குள் எடுக்க வந்த நிகழ்ச்சியே முடிந்திருக்கும். அதனால்தான் பிலிமில் ஃப்ளாஷ் பயன்படுத்துகிறவர் அதன் இயக்கத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

“ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் முகம் வெளுத்துவிடும்”

வெளுக்காது. ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தாலும் 1/15 வினாடி திறந்திருந்தாலும், அதற்குள் ஃப்ளாஷ் ஒரே முறைதான், ஒரே அளவில்தான் எரிகிறது. ஃப்ளாஷ் ஒளி பிலிமில் எவ்வளவு பதியும் என்பதை முடிவு செய்பவை அபெர்ச்சர், தூரம், பிலிமின் வேகம், ஃப்ளாஷின் திறன் ஆகிய நான்கு மட்டுமே. ஷட்டர் வேகம் மாற்றுவது பின்னணியை. இரவு நேரத்துக் கோயில் திருவிழாவில் 1/60-இல் எடுத்தால் முகம் தெளிவாகவும் பின்னால் கோபுரத்தின் சீரியல் விளக்குகள் இருட்டிலும் விழும். அதே அபெர்ச்சரில் 1/15-க்கு இறக்கினால் முகத்தில் விழும் ஃப்ளாஷ் ஒளி அப்படியே இருக்கும். விளக்குகள் மட்டும் நான்கு மடங்கு ஒளியோடு பதியும். கை அசைந்தால் விளக்குகள் சற்று இழுபடலாம். ஆனால் முகத்தைப் பதிப்பது நொடிப்பொழுது ஒளி என்பதால் அது பெரும்பாலும் கூர்மையாகவே நிற்கும்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: ஃப்ளாஷ் போட்டால் 60-இல்தான் வைக்க வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது என்பது. இதுவும் தவறு. 1/60 என்பது பல கேமராக்களில் உச்சவரம்பு. அதற்குக் கீழே எந்த வேகமும் ஆகும்.

அந்த உச்சவரம்பு ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமராக்களில் பிலிமுக்குச் சற்று முன்னால் இரண்டு திரைகள் ஓடுகின்றன. முதல் திரை விலகி பிரேமைத் திறக்கிறது. இரண்டாம் திரை பின்னால் வந்து மூடுகிறது. வேகம் குறைவாக இருக்கும்போது, முதல் திரை முழுதும் விலகிய பிறகே இரண்டாவது கிளம்பும். வேகம் கூடினால் முதலாவது பாதி வழியில் இருக்கும்போதே இரண்டாவது கிளம்பிவிடும். அப்போது பிரேம் எந்தக் கணத்திலும் முழுதாகத் திறந்திருக்காது. நகர்கிற இடுக்கு ஒன்றின் வழியாகத்தான் ஒளி புகும். அந்த நேரத்தில் ஃப்ளாஷ் எரிந்தால், இடுக்கு இருக்கும் பகுதி மட்டும் பதிந்து மற்றது ஃப்ளாஷ் ஒளி இல்லாமல் இருண்டு போகும். பிரேம் முழுதாகத் திறந்திருக்கும் அதிகபட்ச வேகத்தைத்தான் சிங்க் வேகம் என்கிறார்கள்.

இது கேமராவுக்குக் கேமரா மாறும். ஜெனிட் ஈ-யில் 1/30. பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஈ-1 இரண்டிலும் 1/60. நிக்கான் எஃப்எம்-இல் 1/125. 1982-இல் வந்த எஃப்எம்2 முதலில் 1/200 தந்தது. 1984-இல் அது 1/250 ஆனது. ஜெனிட், கே1000 போன்றவற்றில் துணித்திரை பக்கவாட்டில் ஓடுவதால் இருட்டுப் பட்டை படத்தின் ஒரு பக்கத்தில் நெடுக நிற்கும். எஃப்எம்2 போன்றவற்றில் உலோகத் திரை மேலும் கீழுமாக ஓடுவதால் பட்டை நீளவாக்கில் கிடக்கும். கழுவி வந்த நெகட்டிவில் இப்படி ஒரு பட்டை தெரிந்தால் லேபைக் குறை சொல்வதற்கு முன் ஷட்டர் டயலைப் பார்ப்பது நல்லது.

பழைய கேமரா கைக்கு வந்தால் இதைச் சோதிக்கக் காசு செலவில்லாத வழி இருக்கிறது. பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸின் அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, கேமராவை வெள்ளைச் சுவரை நோக்கி வைத்துப் பின்பக்கமாகப் பார்த்தபடி ஃப்ளாஷோடு க்ளிக் செய்ய வேண்டும். பிரேம் முழுதும் பளிச்சென்று தெரிந்தால் சிங்க் சரி. பாதி தெரிந்தால் வேகம் அதிகம். ஃப்ளாஷ் எரிந்தும் ஒன்றுமே தெரியாவிட்டால் இணைப்பு தவறான இடத்தில் இருக்கிறது.

அந்தத் தவறான இடம் பெரும்பாலும் எம் என்று குறித்த அமைப்புதான். ஒருமுறை எரிந்தால் தீர்ந்துபோகும் பல்புகள் புழங்கிய காலத்து ஏற்பாடு அது. பல்பு உச்ச ஒளியை எட்ட ஏறத்தாழ 20 மில்லிசெகண்டு ஆகும் என்பதால், எம் அமைப்பில் பல்பு முதலில் பற்றும், ஷட்டர் சற்றுத் தாமதித்துத் திறக்கும். மின்னணு ஃப்ளாஷை அதில் இணைத்தால் ஷட்டர் திறப்பதற்குள் ஒளி வந்து போயிருக்கும். பழைய ரோலைஃப்ளெக்ஸ்களிலும் ஹாசல்பிளாடின் சி வகை லென்ஸ்களிலும் எம், எக்ஸ் என்று நெம்புகோல் இருக்கும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் எஃப்பி, எக்ஸ் என்று இரண்டு துளைகள் இருக்கும். இன்றைய ஃப்ளாஷ் எதுவானாலும் எக்ஸ் மட்டுமே.

“பகலில் ஃப்ளாஷ் எதற்கு?”

உச்சி வெயிலில் புருவத்துக்குக் கீழே கண்கள் கருநிழலில் மறைவதைப் போக்கத்தான். ஃப்ளாஷ் அதிகம் உதவும் நேரங்களில் பகலும் ஒன்று. இதில் சிக்கல் சிங்க் வேகம்தான். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு 1/125-இல் எஃப் 16 வேண்டும். 1/60 சிங்க் உள்ள கேமராவில் அது எஃப் 22 ஆகிவிடும். ஐ.எஸ்.ஓ. 400 பிலிம் போட்டிருந்தால் எஃப் 45 வரை போக வேண்டும், 35 மி.மீ. கேமராவின் லென்ஸ்கள் பொதுவாக எஃப் 22-க்கு மேல் மூடுவதில்லை. ஆகவே படம் இரண்டு ஸ்டாப் கூடுதலாகப் பதியும். பகல் ஃப்ளாஷுக்கு வேகம் குறைந்த பிலிமே ஏற்றது.

லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் கேமராக்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இதழ்கள் நடுவிலிருந்து விரிந்து முழு பிரேமுக்கும் ஒரே நேரத்தில் ஒளியை விடுவதால் எல்லா வேகத்திலும் சிங்க் ஆகும். ஹாசல்பிளாட் 500சி-யில் 1/500-இலும் ஃப்ளாஷ் போடலாம். அதே வெயிலில் அப்போது எஃப் 8 போதும். சிறிய ஃப்ளாஷ்கூட வெயிலோடு போட்டி போடும். கல்யாணங்களை வெளியில் எடுத்தவர்கள் இந்த வகைக் கேமராவை விரும்பியதற்கு இது வலுவான காரணம்.

“ஃப்ளாஷ் இருந்தால் எவ்வளவு தூரமும் எடுக்கலாம்”

தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்கைச் சுலபமாக்குவதுதான் கைடு நம்பர். அதைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அபெர்ச்சர் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100-க்கு மீட்டர் கணக்கில் கைடு நம்பர் 28 என்றால், 3.5 மீட்டரில் எஃப் 8, 5 மீட்டரில் எஃப் 5.6, 10 மீட்டரில் எஃப் 2.8. விளையாட்டு மைதானத்தின் பார்வையாளர் வரிசையிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருப்பவரை எடுக்க எஃப் 0.56 வேண்டும். அப்படியொரு லென்ஸ் கடையில் கிடையாது. அங்கே ஃப்ளாஷ் முன்வரிசைக்காரரின் பின்தலையை மட்டும்தான் வெளிச்சமாக்கும்.

பிலிம் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் ஃப்ளாஷ் எட்டும் தூரமும் இரண்டு மடங்காகும் என்பது இன்னொரு தவறான கணக்கு. 100-லிருந்து 200-க்குப் போனால் தூரம் 1.4 மடங்குதான் கூடும். இரண்டு மடங்காக 400 வேண்டும். பெட்டியில் அச்சிட்ட கைடு நம்பரையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அது பொதுவாக வெளிர்நிறச் சுவர்களும் கூரையும் உள்ள அறையை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. இரவில் திறந்த வெளியில் திருப்பி அனுப்பச் சுவர் எதுவும் இல்லாததால் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூடுதலாகத் திறப்பது பாதுகாப்பு. மேலும், அடி கணக்கா மீட்டர் கணக்கா என்று பார்க்காமல் இரண்டு ஃப்ளாஷ்களை ஒப்பிடுவது வீண். விவிட்டார் 283-இன் 120 என்ற எண் அடியில் சொன்னது. மீட்டரில் அது 36-தான்.

“ஆட்டோவில் வைத்தால் ஃப்ளாஷே பார்த்துக்கொள்ளும்”

விவிட்டார் 283, மெட்ஸ் 45 போன்ற ஆட்டோ ஃப்ளாஷ்களின் முகப்பில் ஒரு சென்சார் இருக்கிறது. எதிரிலிருந்து திரும்பி வரும் ஒளி போதிய அளவு எட்டியதும் அது ஃப்ளாஷை அணைத்துவிடும். ஆனால் அதற்குக் கேமராவில் என்ன வைத்திருக்கிறது என்பது தெரியாது. ஃப்ளாஷில் எஃப் 5.6 என்று தேர்ந்தெடுத்துவிட்டு லென்ஸில் எஃப் 11 வைத்தால் படம் இரண்டு ஸ்டாப் இருண்டு போகும். இரண்டையும் பொருத்துவது எடுப்பவரின் வேலை.

சென்சார் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் நிற்கும் குழுப்படத்தில் ஒளி நிறையத் திரும்பி வரும். ஃப்ளாஷ் சீக்கிரமே அணைந்து முகங்கள் கறுத்துவிடும். அங்கே ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும். இருட்டான வெட்டவெளியில் ஒருவர் மட்டும் சிறிதாக நின்றால் நேர் எதிராக நடக்கும்: ஒளி போதவில்லை என்று எண்ணி ஃப்ளாஷ் கொட்டித் தீர்த்து முகத்தை வெளுக்க வைக்கும்.

லென்ஸ் வழியே வரும் ஒளியை அளக்கும் டி.டி.எல். வசதியும் இந்தப் பிழைக்கு விலக்கல்ல. 1975-இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, பிலிமின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியையே படம் பதியும் நேரத்தில் அளந்தது. அபெர்ச்சரைத் தனியாகப் பொருத்தும் தொல்லை அதனால் போனது. வெள்ளை வேட்டிச் சிக்கல் போகவில்லை. இன்னொன்றும் நினைவில் வைக்கத் தக்கது. ஒரே நிறுவனத்தின் புதிய ஃப்ளாஷ் அதன் பழைய பிலிம் கேமராவோடு டி.டி.எல்.-இல் பேசும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் பலர். டிஜிட்டல் கேமராக்கள் முன்கூட்டி ஒரு சிறு ஒளியை வெட்டி அளப்பவை, முறையே வேறு. நிக்கானில் எஸ்பி-800 பிலிம் டி.டி.எல்.-க்கு ஒத்துழைக்கும், அதற்குப் பின் வந்த எஸ்பி-900 ஒத்துழைக்காது, ஆட்டோவிலும் மேனுவலிலும் மட்டும் வேலை செய்யும்.

“தவறினால் நெகட்டிவ் காப்பாற்றும்” என்ற நம்பிக்கை பாதி உண்மை. கலர் நெகட்டிவ் ஓரிரு ஸ்டாப் கூடுதல் ஒளியைத் தாங்கும். குறைவான ஒளியைத் தாங்காது. ஃப்ளாஷில் சந்தேகம் வந்தால் கூடுதலாகத் திறப்பதே சரி. ஸ்லைடு பிலிமில் அரை ஸ்டாப் பிழையே கண்ணில் தெரியும். அங்கே ஃப்ளாஷ் மீட்டரோ சோதனை ரோலோ இல்லாமல் முக்கியமான வேலையில் இறங்கக் கூடாது.

“கூரையில் அடித்தால் எப்போதும் நன்றாக வரும்”

வெள்ளைக் கூரை, அதுவும் தாழ்வாக இருந்தால் நன்றாக வரும். ஒளி சுற்றிவருவதாலும் சிதறுவதாலும் சுமார் இரண்டு ஸ்டாப் குறையும்; மேனுவலில் அதை ஈடுசெய்ய வேண்டும். பச்சையோ நீலமோ அடித்த சுவர் கலர் பிலிமில் முகத்துக்கும் அந்த நிறத்தைப் பூசிவிடும். கருப்பு வெள்ளையில் கவலையில்லை. உயரமான மண்டபக் கூரை ஒளியை விழுங்கிவிடும். அங்கே ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, சிங்க் கார்டோடு கையில் உயர்த்திப் பிடிப்பதே மேல். ஒளி லென்ஸுக்கு அருகிலிருந்து வராததால் கண் சிவப்பாவதும் குறையும்.

“பழைய ஃப்ளாஷ் கேமராவை எரித்துவிடும்”

எந்தக் கேமரா என்பதைப் பொறுத்தது. பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றில் ஹாட் ஷூவில் வரும் தூண்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும். கே1000, ஜெனிட் போன்றவற்றில் ஃப்ளாஷைத் தூண்டுவது வெறும் உலோகத் தொடர்பு, அது தாங்கும். மின்னணுச் சுற்றால் தூண்டும் பிற்காலக் கேமராக்களில் அந்தச் சுற்று பாழாகலாம். ஐ.எஸ்.ஓ. 10330 தரம் சொல்வது 24 வோல்ட். ஃப்ளாஷைச் சார்ஜ் செய்து, நடு முனைக்கும் பக்க முனைக்கும் இடையே டிஜிட்டல் மல்டிமீட்டரால் அளந்த பிறகே பொருத்த வேண்டும்.

பேட்டரியிலும் ஒரு தவறான கணக்கு உண்டு: 1.5 வோல்ட் ஆல்கலைன், 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரியைவிட வேகமாகச் சார்ஜ் செய்யும் என்பது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் உள்தடை குறைவு. அது ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டத்தைத் தரும். ஆகவே ஃப்ளாஷ் அதில்தான் சீக்கிரம் தயாராகும். தயார் விளக்கு எரிந்தவுடன் முழுத் திறனும் வந்துவிட்டதாக எண்ணுவதும் பிழை. பல ஃப்ளாஷ்களில் கெபாசிட்டர் முழுதும் நிறைவதற்கு முன்பே அது எரியும். இன்னும் சில நொடிகள் பொறுத்தால் அடுத்தடுத்த படங்கள் ஒரே அளவில் விழும்.

நெடுநாள் அலமாரியில் கிடந்த ஃப்ளாஷை உடனே செத்ததாக முடிவு கட்ட வேண்டாம். புது செல் போட்டு, நன்றாகச் சார்ஜ் ஏற விட்டு, இடைவெளி கொடுத்துச் சில முறை எரித்தால் பல கெபாசிட்டர்கள் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் திறக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்தானது.