கண்டெய்னரா, பார்ட் லோடா? திருப்பூரிலிருந்து வெளிமாநிலத்துக்கு வீடு மாற்றுகிறவர்களுக்கு

திருப்பூர்க்காரருக்குக் கண்டெய்னர் புதிதல்ல. தூத்துக்குடிக்குப் போகும் 20 அடி, 40 அடிப் பெட்டிகளுக்குத் தாராபுரம் ரோட்டில் ஒதுங்கி வழிவிடாதவர் இங்கே யார்? அதனால்தான், நொய்டாவுக்கோ அகமதாபாத்துக்கோ வேலை மாறிப் போகிற மெர்ச்சண்டைசர்கள், வீட்டுச் சாமானையும் இப்படி ஒரு பெட்டியில் போட்டு சீல் வைத்து அனுப்பிவிட முடியாதா என்று கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் முடியும். 1998-இல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய பாட்ஸ் நிறுவனத்தின் தொழிலே இதுதான். காலிப் பெட்டியை உங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் வசதிக்கு ஏற்றி முடித்துக் கூப்பிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். புது வீடு தயாராகவில்லை என்றால் மாதவாடகைக்கு அவர்கள் கிடங்கிலேயே கிடக்கும்.

இங்கே அந்தக் கதை நடக்காது. ஏற்றுமதிப் பெட்டிகள் ஷிப்பிங் லைன்களுடையவை, வீட்டுச் சாமானுக்கு வாடகைக்கு வராது. பெட்டி ட்ரெய்லரை விட்டு இறங்காது என்பதால் பீரோவை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டும். லைன் வீட்டுச் சந்துக்குள் ட்ரெய்லர் திரும்புவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அளவும் ஒத்துவராது. 20 அடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 சிபிஎம், அதாவது கன மீட்டர். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமானுக்கு அதில் பாதி போதும்.

ஆனால் பெட்டியின் நல்ல குணம் ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒருமுறை ஏற்றினால் போய்ச் சேரும்வரை யாரும் சாமானைத் தொடமாட்டார்கள். தனிப் பெட்டியாக எஃப்சிஎல்லில் போன கார்ட்டனும், பலர் சரக்கோடு சேர்ந்து எல்சிஎல்லில் போன கார்ட்டனும் பையர் கிடங்கில் எப்படிப் போய் இறங்கும் என்று ஷிப்பிங் செக்‌ஷனில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுச் சாமானுக்கும் அதே கணக்குதான். வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, “ஏனுங்க, நடுவுல வண்டி மாறுங்களா?”

தனி லாரி என்றால் மாறாது. ஐச்சர் 14 அடி வண்டி, உள்ளே 6 அடி அகலம், 6 அடி உயரம் என்று வைத்தால் 504 கன அடி, அதாவது 14 சிபிஎம்முக்குக் கொஞ்சம் மேல். சாமான் அதிகமென்றால் 17 அடி. தார்ப்பாய் கட்டும் திறந்த வண்டியை விட, நாம் கண்டெய்னர் லாரி என்று சொல்கிற மூடிய வண்டியையே கேளுங்கள். மழை, தூசி, வழியில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். பின் கதவுக்கு உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை உங்களோடு வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், குளிர்பெட்டி, வாஷிங் மெஷின், கட்டில், பீரோ என்று முழுக் குடித்தனத்தோடு போகிறவர்களுக்கு இதற்கு மாற்று கிடையாது. வாடகை கூடுதல்தான். ஆனால் ஏற்றுவது ஒன்று, இறக்குவது ஒன்று, அவ்வளவே.

பார்ட் லோடு என்றால் பலர் சாமானோடு சேர்ந்து ஒரே வண்டியில் போவது. அதில் வீட்டில் ஏற்றி, இங்கே கிடங்கில் இறக்கி, பெரிய வண்டியில் ஏற்றி, டெல்லிக் கிடங்கில் இறக்கி, மறுபடி சின்ன வண்டியில் ஏற்றி, வீட்டில் இறக்குவார்கள். குறைந்தது ஆறு தடவை. நடுவில் இன்னொரு ஊரில் மாற்றினால் எட்டு. லோடு சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும் என்பதால் தேதியும் உறுதியில்லை. துணிமணி, பாத்திரம், புத்தகம் என்று பத்திருபது பெட்டி மட்டும் உள்ளவருக்கு இது சரி. கண்ணாடி வைத்த ஷோகேஸுக்குச் சரிப்படாது.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்பது மூன்றாவது வழி மாதிரித் தோன்றும். உண்மையில் அவர்கள் உங்கள் சாமானை இந்த இரண்டில் ஒன்றில்தான் அனுப்புவார்கள். எதில் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். லாரி வாடகை, பேக்கிங், ஏற்றிறக்குக் கூலி, இன்சூரன்ஸ் நான்கையும் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் என்று ஒரு சதவீதம் போட்டிருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி நகல் உங்கள் பெயரில் வருமா என்று கேளுங்கள். வராதென்றால் அது இன்சூரன்ஸ் இல்லை. பாதி வழியில் வண்டியை நிறுத்திக் கூடுதல் பணம் கேட்கும் ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. கொட்டேஷனிலும் ரசீதிலும் ஒரே பெயர், ஒரே ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

ரயில் பார்சல் பைக்குக்கு நல்லது. பெட்ரோலை முழுக்க வடித்து, சாக்கு சுற்றி, ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் கொடுத்தால் போதும். சில நிமிடமே வண்டி நிற்கிற திருப்பூர் ஸ்டேஷனில் பீரோவை ஏற்றும் ஆசை மட்டும் வேண்டாம். போன ஊரில் பைக் 12 மாதத்துக்கு மேல் ஓடப்போகிறது என்றால் ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கிக்கொண்டு போவது நல்லது.

இந்த ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை, ஜிஎஸ்டி விதி 138-இலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் வண்டியில் இடம் மிச்சம் இருக்கிறதே என்று, காதர்பேட்டையில் எடுத்த நாலு பண்டல் பனியனைச் சொந்தக்காரருக்காகச் சேர்த்துப் போட்டீர்களானால் அது வியாபாரச் சரக்கு. திருப்பூர் வண்டியை நிறுத்தும் அதிகாரி முதலில் தேடுவதே அதைத்தான். பில் இல்லாத பனியனுக்காக உங்கள் கட்டிலும் சேர்ந்து ரோட்டோரம் நிற்கும். வீட்டில் ஓடிய பவர் டேபிள் தையல் மெஷினை ஏற்றினால் வாங்கிய பில்லைக் கையில் வையுங்கள். கேஸ் சிலிண்டரை ஏற்றவே கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்து, டெர்மினேஷன் வவுச்சரும் டெபாசிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேக்கிங்கில் நம் ஊருக்கு இணை இல்லை. பபிள் ஷீட்டுக்குச் செலவு செய்வானேன், கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறதே. எவர்சில்வர் அடுக்குக்கு நடுவே, மிக்ஸி ஜாருக்குள்ளே, கண்ணாடி டம்ளரைச் சுற்றி என்று திணித்தால் அசையாது. ஐந்தடுக்கு எக்ஸ்போர்ட் கார்ட்டன் வாங்குங்கள். 60 x 40 x 40 சென்டிமீட்டர் பெட்டி பத்து சேர்ந்தால் ஒரு சிபிஎம்முக்குச் சற்றுக் குறைவு, எத்தனை பெட்டி என்று எண்ணினாலே வண்டி அளவு தெரிந்துவிடும். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் நம்பர் எழுதி, பேக்கிங் லிஸ்ட் போட்டு, டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

புது வீட்டுச் சாவி கைக்கு வரவில்லை என்றால்? வண்டியைக் காக்க வைத்தால் நாள் கணக்கில் ஹால்ட்டிங் சார்ஜ் ஏறும். போன ஊர்க் கிடங்கில் இறக்கினால் இரண்டு கை கூடும். உறவினரின் குடோனில் ஒரு மூலை கேட்டு, சாமானை இங்கேயே வைத்திருந்து, சாவி வந்தபிறகு வண்டி பேசுவதே மேல்.

சாமான் இறங்கியதும் டிரைவர் அவசரப்படுத்துவார். எண்ணி முடிக்காமல் ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்தது, குறைந்தது எதுவானாலும் அந்த ரசீதிலேயே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன்படி, வழக்குப் போடும் முன் எழுத்து மூலமாக நோட்டீஸ் தர வேண்டும், அதுவும் சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அதற்கான கூடுதல் தொகை கட்டாதவருக்கு, லாரி நிறுவனத்தின் பொறுப்பு வாடகையின் 10 மடங்கோடு நின்றுவிடும். பார்ட் லோடில் வாடகை குறைவாக இருப்பதால் அந்தப் பத்து மடங்கும் குறைவுதான்.