கரண்ட் கம்பி வேறு, மின்வேலி வேறு
பயிரையும் உயிரையும் சேர்த்துக் காப்பது எப்படி?

இந்தப் பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்ளப் போவது:
• வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுப்பது ஏன் உயிராபத்தானது
• முறையான மின்வேலி எப்படி வேலை செய்கிறது
• கடைகளில் விற்கப்படும் ஏனைய கருவிகளில் எது உதவும், எது உதவாது
• சேதம் ஏற்பட்டால் யாரிடம் போவது

நீண்ட காலத்துக்குப் பின்னர் வயலுக்கும் வளவுக்கும் திரும்பியிருக்கிறீர்கள். காணியைத் துப்புரவு செய்து, கிணற்றை இறைத்து, மரவள்ளியும் சோளமும் கத்தரியும் நட்டிருக்கிறீர்கள். விளைச்சலை எடுக்கும் நேரத்தில் ஒரே இரவில் எல்லாம் கிளறப்பட்டுக் கிடந்தால் மனம் எவ்வளவு நொந்துபோகும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த வேதனையில் எடுக்கும் அவசர முடிவு பயிரிழப்பை விடப் பெரிய இழப்பில் போய் முடியக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

மருதமுனையில் நடந்த ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து சொன்னார்: "மேற்கால இருக்கிற காணியில ரெண்டு நாளா பன்றி கிளறி மரவள்ளி முழுக்க நாசம். வாடிக்குக் கரண்ட் இருக்கு. ஒரு வயர் இழுத்துக் கம்பியில குடுத்தா விடியிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்." பின்னால் இருந்த வயதான விவசாயி ஒருவர் அமைதியாகப் பதில் சொன்னார்: "தம்பி, கம்பிக்குக் கண் இல்ல. வாறது பன்றியா, தண்ணி கட்ட வாற உண்ட வாப்பாவா எண்டு அதுக்குத் தெரியாது." கூட்டத்தில் அதன் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தின் காரணத்தை முதலில் பார்ப்போம்.

1. மிருகங்கள் ஏன் வருகின்றன?

யுத்த காலத்தில் கைவிடப்பட்ட காணிகள் பற்றைக்காடாகின. காட்டோரக் காணிகளில் பன்றியும் யானையும் மனிதப் பயமின்றி நடமாடின. இப்போது நாம் திரும்பியிருக்கிறோம். அவை பழகிய பாதையை மறக்கவில்லை.

அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறை, நாவிதன்வெளி, அட்டாளைச்சேனைப் பக்கங்களில் யானை வயலுக்குள் இறங்குவது புதிய செய்தி அல்ல. இலங்கையில் 2011ஆம் ஆண்டு நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் 5,879 யானைகள் பதிவாகின. 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் உயிரிழந்தனர். யானைகள் இறப்பதற்கான முக்கிய காரணங்களில் ஒன்று சட்டவிரோத மின்கம்பி. அதே கம்பியில் சிக்கி மனிதர்களும் இறக்கிறார்கள்.

நாமே மிருகங்களை அழைப்பதும் உண்டு. அட்டாளைச்சேனைப் பக்கத்தில் பள்ளக்காடு குப்பை மேட்டில் உணவு தேடிய யானைகள் பிளாஸ்டிக்கை விழுங்கி இறந்தன. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இவ்வாறு இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளியாகின. வளவின் மூலையில் கொட்டும் சோற்றுக் கழிவும் பழத்தோலும் சிறிய அளவில் அதே வேலையைத்தான் செய்கின்றன. கழிவைக் குழியில் இட்டு மண்ணால் மூடுங்கள்.

2. வீட்டு மின்சாரம் ஏன் கொல்கிறது?

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற். அது இடைவெளி இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கை பட்டவுடன் தசைகள் இறுகிவிடுவதால் கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது. உடலினூடாகச் சுமார் 30 மில்லி அம்பியருக்கு மேல் தொடர்ந்து பாய்ந்தால் இதயம் நின்றுபோகலாம். ஒரு சிறிய மின்குமிழ் எரிவதற்கே இதைவிட அதிக மின்னோட்டம் தேவைப்படும்.

"எங்கட வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்று சிலர் கேட்கிறார்கள். மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிப்பதுதான் ட்ரிப் சுவிட்சின் வேலை. வேலிக் கம்பியில் ஈரப்புல் பட்டாலே அது விழுந்துவிடும். ஆகவே வேலிக்கு வயர் இழுப்பவர்கள் ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்துத்தான் இழுக்கிறார்கள். அதாவது உயிரைக் காக்கவென்று வைத்த ஒரேயொரு கருவியை முதலில் அகற்றிவிட்டுத்தான் அந்த வேலி வேலை செய்யத் தொடங்குகிறது.

இருட்டில் யார் யார் வெளியே நடமாடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சுபஹுத் தொழுகைக்குப் போகும் பெரியவர்கள், வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவர்கள், ஆட்டைத் தேடி வரும் பிள்ளை, விறகு எடுக்க வரும் அயல்வீட்டுப் பெண். நீங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஊர் மாறியிருக்கிறது. உங்கள் வேலியோரம் இப்போது யாருடைய பாதை என்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இது சட்டப்படியும் குற்றம். அனுமதியின்றி இவ்வாறு மின்சாரம் எடுப்பது ஒரு குற்றம். அதனால் யானை இறந்தால் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்னொரு குற்றம். மனிதர் இறந்தால் குடும்பத்தின் உழைப்பாளி சிறைக்குப் போக நேரிடும். கட்டுத்துவக்கு, பன்றி வெடி ஆகியவையும் இதே போன்றவைதான். யாருக்கு வைத்தோமோ அவருக்கே அவை வெடிப்பதில்லை.

3. முறையான மின்வேலி எப்படி வேலை செய்கிறது?

மின்வேலியின் உயிர்நாடி, எனர்ஜைசர் என்று கடைகளில் சொல்லப்படும் பெட்டி. 12 வோல்ற் பற்றரியில் அது இயங்கும். பற்றரியைச் சோலார் தகடு சார்ஜ் செய்யும். பெட்டி கம்பிக்கு 5,000 முதல் 10,000 வோல்ற் வரை அனுப்பும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தொடர்ந்து பாய்வதில்லை. ஒரு துடிப்பு ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும். அடுத்த துடிப்புக்கு முன் ஏறக்குறைய ஒரு விநாடி இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் தொட்டவர் கையை எடுத்துவிடலாம். ஊசி குத்தினாற் போல வலிக்கும்; தசையை இறுக்கிப் பிடித்து வைக்காது.

ஆகவே மின்வேலி ஒரு சுவர் அல்ல, ஒரு பாடம். மிருகம் ஒரு தடவை தொட்டு வலியைக் கற்றுக்கொண்டால் அடுத்த தடவை விலகிப் போகும். ஆனால் ஒரு நாள் வேலியில் மின்சாரம் இல்லையென்றால் அதையும் அது கற்றுக்கொள்ளும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதால் சில யானைகள் தந்தத்தால் கம்பியை அறுக்கப் பழகியிருக்கின்றன. மரத்தைச் சரித்து வேலியில் போடுபவையும் உண்டு.

4. வேலி அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

• எனர்ஜைசரைத் தரச் சான்றுடன் கடையில் வாங்குங்கள். வீட்டில் கட்டிய பெட்டி, பழைய கார்க் கொயில் கொண்டு செய்த பெட்டி வேண்டவே வேண்டாம்.

• நில இணைப்பு: மின்சாரம் கம்பியிலிருந்து மிருகத்தினூடாக நிலத்துக்குள் போய், நிலத்தில் இறக்கிய கம்பிவழி பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் அதிர்ச்சி கிடைக்கும். கடலோர மணல் வறண்டு போனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. "வேலி போட்டும் பன்றி வருது" என்று சொல்பவர்களின் வேலியில் பெரும்பாலும் இதுதான் குறை. துத்தநாகப் பூச்சுள்ள மூன்று கம்பிகளையாவது ஒரு மீற்றருக்கு மேல் ஆழமாக, மூன்று மீற்றர் இடைவெளியில் இறக்குங்கள். ஈரம் நிற்கும் இடம் சிறந்தது. வீட்டு மின் நில இணைப்பிலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும்.

• காட்டுப்பன்றிக்குத் தாழ்வான கம்பியே முக்கியம். நிலத்திலிருந்து 20 முதல் 25 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒன்று, 45 முதல் 50 சென்ரிமீற்றரில் இன்னொன்று. யானைக்கான வேலியின் உயரத்தையும் தூண் அமைப்பையும் வனஜீவராசிகள் உத்தியோகத்தரிடம் கேட்டே தீர்மானியுங்கள்.

• முட்கம்பிக்கு ஒருபோதும் மின்சாரம் கொடுக்காதீர்கள். அதில் ஆடை சிக்கிக்கொண்டால் விடுபட முடியாது.

• கம்பியில் புல்லும் கொடியும் படக்கூடாது. மாரி காலத்தில் வாரம் ஒரு தடவையாவது வேலியடியை வெட்டுங்கள்.

• ஒவ்வொரு மாலையும் வேலி மீற்றரால் கடைசித் தூணில் அளந்து பாருங்கள். கையால் தொட்டுப் பார்ப்பது அளவீடு அல்ல.

• எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் வையுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக மின்னல் குறியையும் வரையுங்கள். பொதுப் பாதையை மறிக்க வேண்டாம்.

• இடிமின்னல் நேரத்தில் பெட்டியை வேலியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

5. தனி வேலியா, ஊர் வேலியா?

உங்கள் காணிக்கு மட்டும் வேலி போட்டால் யானை பக்கத்துக் காணிக்குப் போகும். செலவும் கூடும், மனஸ்தாபமும் கூடும். யானை ஆய்வாளர் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் காட்டின் எல்லையில் வேலி போடுவதை விட, ஊரையும் வயலையும் சுற்றி மக்களே அமைத்துப் பராமரிக்கும் வேலி நன்றாகப் பயன் தருவதாகக் காட்டியுள்ளனர். வயல் வேலி பருவ வேலி. விதைப்போடு கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அதன் பிறகு யானை வந்து வைக்கோலையும் தாளையும் மேய்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஊரைச் சுற்றிய வேலி ஆண்டு முழுவதும் நிற்கும்.

எங்கள் ஆலோசனை: உங்கள் வட்டையிலுள்ள விவசாயிகள் அனைவரும் ஒன்றுகூடுங்கள். வட்டவிதானையை அழையுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எத்தனை தூண் பொறுப்பு, எந்த நாளில் யார் அளப்பது, பற்றரிக்கு யார் பணம் சேர்ப்பது என்பதை எழுதி வையுங்கள். பராமரிப்பு ஒழுங்கு எழுதப்படாத வேலி ஒரு போகத்துக்கு மேல் நிலைப்பது அரிது.

6. ஏனைய கருவிகள்

"மீயொலி" விரட்டிகள்: மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் எல்லா மிருகமும் ஓடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்த ஒலி விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டது. யானையின் காதுக்கு எட்டும் உச்ச அளவோ சுமார் 12,000 மட்டுமே. நமக்குக் கேட்காத அந்தச் சத்தம் யானைக்கும் கேட்காது. இதற்குப் பணம் செலவிட வேண்டாம்.

அசைவு விளக்கு: மிருகம் அருகில் வந்ததும் தானாக எரியும் சோலார் விளக்கு சில நாட்களுக்குப் பன்றியையும் முள்ளம்பன்றியையும் தயங்க வைக்கும். பிறகு பழகிவிடும். இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். அது மிருகத்தைத் தடுக்காவிட்டாலும், இருட்டில் யானை நிற்பதை உங்களுக்குக் காட்டும். அதுவே பெரிய உதவி.

றேடியோ, ஒலிபெருக்கி: விளக்கைப் போலவே. ஒரே சத்தத்துக்கு மிருகம் பழகிவிடும். ஆனால் யானை ஊருக்குள் வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வீட்டுக்குள் இருக்கச் செய்வது உயிரைக் காக்கும்.

குரங்குக்கு எந்தக் கருவியும் நிரந்தரத் தீர்வு இல்லை. பழம் முற்றும் காலத்தில் வலையும் ஆள் காவலுமே கைகொடுக்கும்.

இன்னொன்று: அறுவடை செய்த நெல்லைப் படுக்கும் அறையில் அடுக்காதீர்கள். நெல்லின் வாசனைக்கு யானை சுவரை உடைத்த வீடுகள் பல.

7. விபத்து நேர்ந்தால், சேதம் நேர்ந்தால்

யாராவது மின்கம்பியில் சிக்கியிருந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரத்தடியால் கம்பியை அகற்றுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸ் கேளுங்கள். மூச்சு இல்லையென்றால் உதவி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள்.

யானை வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள். பயிர் அல்லது வீடு சேதமானால் துப்புரவு செய்வதற்கு முன் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் கமநல சேவைகள் நிலையத்துக்கும் அறிவியுங்கள். காட்டு யானையால் ஏற்படும் நெற்சேதம் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் திட்டத்தில் உள்ளடங்குகிறது. அதற்கு உங்கள் காணி கமநல நிலையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் பதிவு விடுபட்டிருந்தால் இந்தப் போகம் தொடங்குமுன் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. எங்கள் வேலியோரமாக இருட்டில் நடப்பவர்கள் யார் யார்?
2. எங்கள் வளவில் மிருகத்தை அழைக்கும் பொருள் எது?
3. அயல் காணிக்காரருடன் சேர்ந்து வேலி போட நாம் முதலில் யாரிடம் பேச வேண்டும்?

அந்தக் கூட்டம் முடிந்த பிறகு வயர் இழுக்க இருந்த இளைஞர், அந்தப் பெரியவரின் பக்கத்தில் போய் அமர்ந்தார். "அப்ப, வட்டையில எத்தின பேர் சேருவாங்க காக்கா?" என்று கேட்டார். நீங்களும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.