குளியலறை மர அலமாரியைப் புதுப்பிக்க 12 குறிப்புகள்

பெங்களூரு வீடுகளில் வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் மர அலமாரிதான் வீட்டிலேயே அதிகம் ஈரம் குடிக்கும் மரச்சாமான். நிறம் வெளுத்து, விளிம்பு கறுத்துப்போனாலும் மரம் உறுதியாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பொறுமையாகச் செய்தால் நாமே ஸ்டெயின் பூசிப் புதுப்பித்துவிடலாம்.

1. முதலில் கதவின் விளிம்பைப் பாருங்கள். மேலே சன்மைக்கா ஒட்டியிருந்தால் ஸ்டெயின் இறங்காது. தேக்கு போன்ற மரத்துக்கும் வெனீருக்கும் மட்டுமே இந்த வேலை பலிக்கும்.

2. குழாய்க் கசிவை முதலில் சரிசெய்யுங்கள். அடிப்பலகை உப்பி, அழுத்தினால் உதிர்கிறதென்றால் எந்தப் பூச்சும் அதைக் காப்பாற்றாது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ப்ளைவுட் வாங்கி அந்தப் பலகையை மட்டும் மாற்றுங்கள்.

3. ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே காற்று உலர்ந்திருக்கும். வேலைக்கு அதுவே ஏற்ற காலம். செப்டம்பர், அக்டோபர் மழையில் பூச்சு சீக்கிரம் காயாது. ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

4. கதவுகளையும் இழுப்பறைகளையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். கீல்களையும் திருகாணிகளையும் அதே எண்ணிட்ட கவர்களில் போடுங்கள். பால்கனியிலோ யுட்டிலிட்டியிலோ வைத்து வேலை செய்தால் காற்றோட்டம் கிடைக்கும்.

5. போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் வெள்ளை உப்புப் படிவு இருக்கும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்தால் இளகும். மார்பிள் மேடையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கல் அரித்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

6. 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 220 என்று போங்கள். எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் ஸ்டெயின் பட்டதும் பளிச்சென்று தெரியும். வெனீரின் மேல்மரம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். அதற்கு மெஷின் வேண்டாம். 180-இல் தொடங்கி, கையாலேயே மெதுவாகத் தேயுங்கள். முகக்கவசம் அவசியம்.

7. பழைய பூச்சு போன பிறகும் கறுப்பு நீர்க்கறை இருந்தால், ஆக்ஸாலிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்துப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் எடுத்துப் பூசுங்கள். கறை வெளுத்ததும் பல முறை தண்ணீரால் துடைத்துக் காயவையுங்கள். இது விஷம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

8. டப்பாவில் பார்க்கும் நிறம் உங்கள் மரத்தில் அப்படியே வராது. கதவின் உட்புறத்தில் ஓரமாகப் பூசிப் பாருங்கள். ஓட்டை அடைக்கும் புட்டி, மரம் போல ஸ்டெயினை உறிஞ்சாது. நிறம் ஒத்த புட்டியாக வாங்குங்கள்.

9. பழைய பனியன் துணியால் ஸ்டெயினைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அடர்த்தி வேண்டுமென்றால் காய்ந்த பிறகு இன்னொரு கோட் கொடுக்கலாம். துடைக்காமல் விட்டால் பிசுபிசுத்து, மேல்பூச்சு பின்னால் உரிந்து வரும்.

10. ஸ்டெயின் நிறம் மட்டுமே தரும். தண்ணீரைத் தடுப்பது மேல்பூச்சு. அரக்கு பாலிஷ் கூடத்து நாற்காலிக்கு அழகு. குளியலறையில் நீர் பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். இங்கே பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சுதான் சரி. மெல்லியதாக மூன்று கோட் அடியுங்கள். நடுவில் 320 எண் தாளால் லேசாக வருடித் தூசி துடையுங்கள். கதவின் அடி விளிம்பு, பின்பக்கம், கீல் துளைகள், குழாய்க்காக வெட்டிய இடங்கள் எல்லாவற்றுக்கும் பூச்சு கண்டிப்பாகப் போக வேண்டும். தண்ணீர் மரத்துக்குள் நுழைவது கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்கள் வழியாகத்தான்.

11. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால், அங்கேயே நிற்கும் அலமாரிச் சட்டத்துக்குப் பூசத் தொடங்கும் முன்பே அணைத்து சிலிண்டரை மூடுங்கள். தின்னர் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். வாடை முழுதும் போகும்வரை கீசரைத் தொடாதீர்கள். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

12. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், பூச்சு முழுதாக இறுக ஒரு வாரம் கொடுங்கள். அதுவரை அலமாரியில் தண்ணீர் படக்கூடாது. பிறகு வருடம் ஒரு முறை கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் கவலையில்லை. ஊறி நிறம் மாறினால் உடனே லேசாகத் தேய்த்து ஒரு கோட் அடித்துவிடுங்கள்.