பிள்ளையின் வழக்கு எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு உரியது?



மடுத் திருவிழாவுக்கென இலண்டனிலிருந்து மகள் யாழ்ப்பாணம் வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஏழு வயது மகனும் வந்திருக்கிறான். மருமகன் வரவில்லை. ஆவணி 15 கழிந்து, திரும்பும் நாள் நெருங்குகையில் மகள் வாய் திறக்கிறாள். "அம்மா, நான் இனி அவரோட இருக்கமாட்டன்." தாயின் மனம் பொறுக்குமா? "நீ போகாதை பிள்ளை. பெடியனை இங்கேயே பள்ளிக்கூடத்தில சேர்ப்பம்" என்கிறார்.

இது கற்பனைக் குடும்பமே. எனினும் 1983 இன் பின் பிள்ளைகள் பல தேசங்களுக்குச் சிதறிப் போன எமது வீடுகளில் இத்தகைய பேச்சு எழுவது புதுமையன்று. தாயின் அறிவுரை அன்பினாலே பிறந்தது. ஆனால் அதுவே மகளைப் பெரும் சட்டச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

காரணம் இதுதான். பெற்றோர் பிரிந்து, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற பிணக்கு இரு நாடுகளுக்கிடையே எழும்போது, நீதிமன்றம் முதலில் கேட்பது "இப்பிள்ளையின் வழமையான வதிவிடம் எது?" என்பதையே. பிள்ளை எங்கே பிறந்தது, எங்கே ஞானஸ்நானம் பெற்றது, அதன் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பவற்றுள் எதுவும் தனித்து நின்று இதைத் தீர்ப்பதில்லை. பிள்ளையின் அன்றாட வாழ்வு எங்கே வேரூன்றியிருந்ததோ, அந்த நாட்டு நீதிமன்றத்துக்கே கட்டுக்காவல் பற்றித் தீர்மானிக்கும் நியாயாதிக்கம் உரியது.

கத்தோலிக்கர்களாகிய நமக்கு இந்த எண்ணம் அந்நியமானதல்ல. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு ஒருவரின் பங்கு எது என்பதை அவரது வதிவிடத்தைக் கொண்டே தீர்மானிக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு ஓரிடத்தில் குடியிருந்தாலோ, ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்து முடித்தாலோ அது அவரது வதிவிடம். மூன்று மாதம் தங்கினாலோ, தங்கும் எண்ணத்தோடு குடியிருந்தாலோ அது பகுதி வதிவிடம். ஆனால் அரச நீதிமன்றங்கள் பேசும் வழமையான வதிவிடத்துக்கு இப்படி மாதக் கணக்கு, ஆண்டுக் கணக்கு கிடையாது. வேண்டுமென்றே அதற்கு வரைவிலக்கணம் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பிள்ளைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தவறாகக் கொண்டுசெல்வது பற்றிய ஹேக் சமவாயம் 1980 ஒக்டோபர் 25 இல் உருவானது. இலங்கை 2001 இல் அதில் இணைந்து, அதே ஆண்டில் அதற்கெனத் தனிச்சட்டமும் இயற்றியது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே அது பொருந்தும். மேற்சொன்ன மருமகன் இலண்டனில் விண்ணப்பித்தால், அது கொழும்பில் நீதி அமைச்சுக்கு வரும். அங்கிருந்து மேல் நீதிமன்றத்துக்குப் போகும். விடுமுறைக்குப் போகத் தந்தை சம்மதித்தது உண்மை. தங்கிவிடச் சம்மதிக்கவில்லை. ஆகவே திரும்ப வேண்டிய நாளைக் கடந்து பிள்ளையை நிறுத்திவைப்பது, களவாகக் கொண்டுவந்ததற்கு ஒப்பானதாகவே கருதப்படும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதனால் மட்டும் பிள்ளையின் வதிவிடம் ஒரே நாளில் மாறிவிடாது.

அப்படியானால் அது எப்போதுதான் மாறும்? 2015 இல் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் தீர்த்த ஸ்கொட்லாந்து வழக்கொன்றைப் பாருங்கள். பிரான்சில் வாழ்ந்த ஒரு தாய், ஏறக்குறைய ஓராண்டு தங்குவதற்கென, தந்தையின் சம்மதத்தோடு பிள்ளைகளை ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிவந்தார். சில மாதங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பவேண்டும் என்றார் தந்தை. நீதிமன்றம் மறுத்தது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் அவசியமில்லை, அங்கு வாழ்வு நிலைகொண்டிருப்பதே போதும் என்பது அதன் முடிவு. "ஒரு வருசத்துக்குத்தானே" என்று சம்மதிப்பவர்கள் இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

பச்சிளங் குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, நண்பர்களும் இல்லை. இத்தாலியில் பிறந்த எட்டு வாரக் குழந்தையைத் தாய் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற வழக்கில், 2020 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் எல்லாச் சூழ்நிலைகளையும் ஒருங்கே நோக்கவேண்டும் என்றது. "இந்த நாட்டில்தான் வளர்ப்போம்" என்று பெற்றோர் உடன்பட்டிருந்தார்கள் எனக் காட்டவேண்டியதில்லை என்றும் கூறியது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குவது நல்லது. பிள்ளை திருப்பி அனுப்பப்பட்டால் தாய் வழக்கில் தோற்றுவிட்டார் என்று ஊரார் பேசுவர். அது சரியன்று. சாலமோன் அரசர்முன் நின்ற கேள்வி, பிள்ளை யாருக்கு உரியது என்பது. ஹேக் வழக்கில் நீதிபதி அதற்குள் நுழைவதேயில்லை. யார் நல்ல பெற்றார் என்பதை எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிப்பது என்பதே அவர்முன் உள்ள கேள்வி. பிள்ளையைத் தந்தையின் கையில் ஒப்படைக்கும்படி அவர் கூறுவதுமில்லை. நாட்டுக்குத் திருப்பியனுப்பவே கட்டளையிடுகிறார். தாயும் உடன் சென்று, பிள்ளையோடு யாழ்ப்பாணத்தில் குடியேற அனுமதி தாருங்கள் என்று அங்குள்ள நீதிமன்றத்தைக் கேட்கலாம். புறப்படுமுன் இதைச் செய்திருந்தால் எவ்வளவு அலைச்சல் மிஞ்சியிருக்கும்!

அடிதடிக்கும் கொடுமைக்கும் அஞ்சி ஓடிவந்த தாய்க்கு என்ன வழி என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திரும்பிப் போனால் உடலுக்கோ உள்ளத்துக்கோ பாரதூரமான ஆபத்து உண்டெனக் காட்டினால், நீதிமன்றம் திருப்பியனுப்ப மறுக்கலாம். விபரம் அறிந்த வயதுப் பிள்ளை மறுத்தாலும், மற்றப் பெற்றார் முன்னரே சம்மதித்திருந்தாலும் அவ்வாறே. ஓராண்டு கழிந்தபின்பே விண்ணப்பம் வந்து, பிள்ளை புதிய இடத்தில் ஊன்றிவிட்டிருந்தால் அதுவும் மறுக்கக் காரணமாகும். ஆயினும் ஆபத்து உண்டென்று வாயால் சொன்னால் போதாது. அங்குள்ள பொலிசில் செய்த முறைப்பாடு, வைத்தியரின் அறிக்கை ஆகியவை கையில் இருக்கவேண்டும். இவ்வழக்குகளை ஆறு வாரத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சமவாயம் எதிர்பார்ப்பதால், பிறகு தேட அவகாசம் கிடைப்பது அரிது.

இச்சமவாயம் எல்லா நாடுகளுடனும் செல்லாது. இலங்கை இணைந்ததை ஏற்றுக்கொண்ட நாடுகளோடு மட்டுமே அது எமக்கு நடைமுறையில் உண்டு. ஐக்கிய இராச்சியம் அவற்றுள் ஒன்று. இந்தியா இதில் சேரவேயில்லை. பிள்ளை சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டால் வழி வேறு.

கணவன் மனைவி வழக்கிலும் வதிவிடத்துக்கு இடமுண்டு. கனடாவில் மணமுறிவு வழக்கை ஏற்க, இருவரில் ஒருவராவது அந்த மாகாணத்தில் ஓராண்டு வழமையாக வதிந்திருக்கவேண்டும். விவாகம் யாழ்ப்பாணத்தில் நடந்தது என்பது அங்கே தடையாகாது. திருச்சபையின் விவாக நீதிமன்றமோ வேறு. விவாகம் செல்லாது என்று தீர்ப்புக் கேட்பவர், விவாகம் நடந்த இடத்திலும் கேட்கலாம். இருவரில் ஒருவரின் வதிவிடத்திலும் கேட்கலாம். சாட்சியங்களில் பெரும்பாலானவை கிடைக்கும் இடத்திலும் கேட்கலாம். ஆகவே ரொறன்ரோவில் அரச வழக்கு நடக்கும்போதே யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் திருச்சபை வழக்கு நடப்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

பிள்ளை எங்கே, எப்போதிருந்து வாழ்கிறது என்பதற்குப் பள்ளிக்கூட வரவுப் பதிவும், வைத்தியரின் ஏடும், மறைக்கல்வி வகுப்புப் பதிவும் சான்றாகும். இத்தகைய தேவைக்காகப் பங்குக் குருவிடம் கடிதம் கேட்டுச் செல்பவர்கள், பிள்ளை வகுப்புக்கு வரத் தொடங்கிய திகதியைப் பதிவேட்டில் பார்த்து உள்ளபடியே எழுதித் தரும்படி கேளுங்கள். முன்தள்ளி எழுதச் சொல்லாதீர்கள். வெளிநாட்டு நீதிமன்றத்தில் முதலில் சோதிக்கப்படுவது அந்தத் திகதிதான்.