ஊர் பேசித் தீர்க்க முடியாத வழக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

இறக்கக்கண்டியில் வலை அறுந்தாலும் வேலி நகர்ந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிடுவார்கள். நல்ல வழக்கம்தான். பிள்ளையைத் துஷ்பிரயோகம் செய்தவனையும் அப்படியே விசாரித்து முடித்தால் என்ன என்று கேட்டிருந்தாய். கூடாது. அந்தக் குற்றத்தைச் சமாதானமாக்கும் உரிமை பெற்றோருக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. வழக்காடுவது அரசு.

முறைப்பாடு பொலிசுக்குப் போனதும் சட்ட வைத்திய அதிகாரி பிள்ளையைப் பரிசோதிப்பார். சந்தேகநபர் நீதவான் முன் நிறுத்தப்படுவார். பாரதூரமான குற்றமென்றால் சட்டமா அதிபர் குற்றப்பகர்வுப் பத்திரம் தாக்கல் செய்ய, வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். நமக்கு அது திருகோணமலையில். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடும் பாலியல் துஷ்பிரயோகம் இழைத்தவனுக்குத் தண்டனைச் சட்டக்கோவை விதிப்பது 7 முதல் 20 ஆண்டு வரையான கடூழியச் சிறை.

"கோட்டுக்குப் போனால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்" என்பார்கள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டிப் பிரசுரிப்பதே அதே சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம். முகநூலில் பெயர் போடுகிறவரும் இதை யோசிக்க வேண்டும்.

பிள்ளையைக் காக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு வழி திறந்தது. பிள்ளையிடம் எடுத்த வாக்குமூலத்தின் வீடியோப் பதிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம். குறுக்கு விசாரணை மட்டும் தவிராது. எதிரிக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளுக்கு முன்னுரிமை கொடு என்று 1998இல் வந்த சட்டத் திருத்தம் நீதிமன்றங்களுக்குச் சொல்கிறது. ஆனாலும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. அந்த இழுபாட்டில்தான் சமரசக்காரர் காசோடு வாசலுக்கு வருவார். சாட்சியை மிரட்டுவதும் ஆசை காட்டித் தடுப்பதும் குற்றம். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புக்கென்றே வந்தது.

உன் தோழி ஒருத்தி வாய் திறந்தால் நம்பு. திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதே. அது பயிற்சி பெற்ற அதிகாரியின் வேலை. உன் கைப்பேசியில் பதிவு செய்யாதே. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல். அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929ஐ அழை. இரவிலும் எடுப்பார்கள்.

சமாதானம் பேச வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் தலையாட்டாதே.

அன்புடன்,
உன் மாமா