தோட்டத்து டிரெசரும் மூன்றாண்டுப் பயிற்சியும்

பேராக் தோட்டங்களில் வளர்ந்த நாம் டிரெசரை மறக்க இயலாது. காய்ச்சலாயினும், பால்வெட்டுக் கத்தி பட்ட காயமாயினும் முதலில் அவரிடமே ஓடினோம். கசப்பு மருந்தை வாயில் ஊற்றிவிட்டு, விழுங்கும்வரை நின்று பார்ப்பார்!

அவரை வெறும் மருந்து கட்டுபவர் என எண்ணியோர் உண்டு, அது சரியன்று. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவ உதவியாளர்கள் பதிவுச் சட்டம் 1977-இல் வந்தது.

ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அப்பணியோ உதவி மருத்துவ அதிகாரி என்னும் பெயரில் வளர்ந்திருக்கிறது. அதற்கு மூன்றாண்டு டிப்ளோமா தேவை. ஈப்போவை அடுத்த உலு கிந்தாவில், சுல்தான் அஸ்லான் ஷா பெயர் தாங்கிய சுகாதார அமைச்சின் கழகத்திலும் இப்பயிற்சி உண்டு. உடற்கூறும் மருந்தியலும் வகுப்பில் கற்கும் மாணவர், மருத்துவமனை வார்டிலும் அவசரப் பிரிவிலும் கைப்பழக்கம் பெறுவர். காயத்திற்குத் தையலிடுதல், எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடுதல் முதலியவற்றைப் புத்தகம் மட்டும் கற்பித்துவிடாது.

எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் பெறுதல் இன்றியமையாதது. நான்காம் படிவத்தில் "கணக்கு வராது" என்று பிள்ளை ஒதுங்கும்போதே பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் படிவத்தில் விழிப்பது காலங்கடந்ததாகும்.

படிப்பு முடித்தவரும் மருத்துவ உதவியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற பின்னரே பணியாற்றலாம். ஆதலின், தனியார் கல்லூரியில் பணம் கட்டுமுன் அதன் டிப்ளோமாவை வாரியம் ஏற்றுள்ளதா என்று கேட்டறிக.