பணிக்குத் திரும்பும் செவிலியர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சில ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியாரின் பக்கவாதம் என்று ஏதோ ஒன்றுக்காக வேலையை விட்ட பெண்களை நம் ஊர்களில் எங்கும் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரே மறுபடி வேலைக்குப் போகப்போகிறேன் என்று சொல்லட்டும், “இனி எங்கே?” என்று கேட்பார்கள். கொஞ்ச நாளில் அவரும் அதையே சொல்லத் தொடங்கிவிடுவார். இப்படிச் சொல்ல வைக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

“ரெஜிஸ்ட்ரேஷன் போயிருக்கும், முதலிலிருந்து படிக்கணும்”

படித்த படிப்பு எங்கும் போகாது. புதுப்பிக்காமல் கிடப்பது பதிவு மட்டுமே. தமிழ்நாட்டில் செவிலியர் பதிவேட்டை வைத்திருப்பது 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான தமிழ்நாடு நர்சுகள், மிட்வைஃப்கள் கவுன்சில். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஐந்தாண்டுக்குள் 150 மணி நேரத் தொடர்கல்வி, அதாவது சி.என்.இ., தேவை என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறி. நாடு முழுவதற்குமான பதிவேடு வந்தபின், ஆதாரோடு இணைந்த என்.யு.ஐ.டி. எண்ணும் ஒவ்வொரு செவிலியருக்கும் தரப்படுகிறது. நீங்கள் வேலையை விட்ட காலத்தில் இது இல்லாமல் இருந்திருக்கலாம். 2023-இல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங் ஆணையத்துக்கான புதிய சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. விதிகள் மாறிவரும் காலம் என்பதால் பழைய தோழி சொன்னதை நம்பிக்கொண்டிருக்காமல் கவுன்சிலிடமே நேரடியாகக் கேளுங்கள்.

இதில் மிகக் கண்டிப்பான நாடுகளில் ஒன்று பிரிட்டன். மூன்றாண்டில் 450 மணி நேரம் பணி செய்ததைக் காட்டினால்தான் அங்கே பதிவைப் புதுப்பிக்க முடியும். விட்டுப்போனவர்கள் ‘பணிக்குத் திரும்புதல்’ என்ற படிப்பை முடிக்கலாம், அல்லது திறன் தேர்வை எழுதித் தேறலாம். அங்கேகூட மறுபடி மூன்றாண்டு பட்டப்படிப்புப் படித்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. நம் நாட்டில் இப்படி நேராக ஒரு பாதை போட்டு வைக்கவில்லை என்பதுதான் குறை. சி.என்.இ. வகுப்புகள், பி.எல்.எஸ். பயிற்சி, மருத்துவமனை தரும் தொடக்கப் பயிற்சி என்று அவரவரே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

“கற்றதெல்லாம் மறந்திருக்கும்”

திரும்பி வருபவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பெரிய பயம் இதுதான். நாடி பிடிப்பது, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுவது, படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர் எவ்வளவு போனது என்று குறிப்பது, முகத்தைப் பார்த்தே ‘இவருக்கு ஏதோ சரியில்லை’ என்று உணர்வது, இவை எதுவும் மாறவில்லை. கை நடுங்கினாலும் சில நாளில் படிந்துவிடும். மறதி இடைவெளி எடுத்தவர்களுக்கு மட்டும் வருவதுமில்லை. நெஞ்சழுத்தப் பயிற்சி பெற்ற சில மாதங்களிலேயே திறன் மங்கத் தொடங்குகிறது என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கும் விஷயம். அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். சான்றிதழ் இரண்டே ஆண்டுகளுக்குச் செல்லும். தினமும் டியூட்டிக்கு வருகிறவர்களும் அதைத் திரும்ப எடுத்தாக வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மறந்துபோனதை நாமே கேட்டுத் தெரிந்துகொள்வோம். நன்றாக நினைவில் இருப்பதை யாரிடமும் கேட்க மாட்டோம், செய்துவிடுவோம். இதற்குள் அது தவறாகிப் போயிருந்தால்?

2009-இல் வேலையை விட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். மயங்கிக் கிடப்பவருக்கு முதலில் மூச்சுவழி, அடுத்து மூச்சு, அதன் பிறகுதான் நெஞ்சழுத்தம் என்று அவர் மனப்பாடமாகப் படித்திருப்பார். 2010-இல் அந்த வரிசையே மாறிவிட்டது. பெரியவர்களுக்கு இப்போது முதலில் நெஞ்சழுத்தம்தான்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், 6-ஐத் தாண்டாமல். காலாவதியான மருந்தைக் கறுப்புப் பையில் போட வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டு விதி. 2016-இல் வந்த மருத்துவக் கழிவு விதிகளில் அது மஞ்சள் பைக்குப் போய்விட்டது.

பிரசவ வார்டில் மாற்றம் இன்னும் பெரியது. ரோமம் மழிப்பது, எனிமா கொடுப்பது, தலைப்பிரசவம் என்றாலே எபிசியாட்டமி போடுவது, இவையெல்லாம் ஒரு காலத்தில் கேள்வி கேட்காமல் நடந்தவை. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் இவற்றை வழக்கமாக எல்லோருக்கும் செய்யக் கூடாது என்கிறது. குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டுவதில் இருந்த அவசரமும் போய்விட்டது. குழந்தை நன்றாக இருந்தால் ஒரு நிமிடமாவது பொறுக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சுக்கு உதவி தேவைப்பட்டால், நூறு சதவீத ஆக்சிஜனுக்குப் போகாமல் சாதாரணக் காற்றில் தொடங்குகிறார்கள்.

தடுப்பூசி அட்டவணையிலும் இதே கதை. 2011 டிசம்பரில் பென்டாவேலன்ட் ஊசி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான் முதலில் வந்தது. 2016 ஏப்ரலில் போலியோ சொட்டு மருந்தின் வகை மாறியது. 2017-இல் தட்டம்மை ஊசியோடு ரூபெல்லாவும் சேர்ந்தது. திறமையான, நேர்மையான ஒரு பழைய செவிலியர் தனக்கு நன்றாகத் தெரிந்ததையே செய்து பிழை செய்ய இத்தனை இடங்கள் இருக்கின்றன. புத்தாக்கப் பயிற்சியின் முதல் வேலை பழையதில் எதைக் கைவிட வேண்டும் என்று சொல்வதுதான். பாடத்திட்டத்தில் அந்தப் பகுதி இல்லாவிட்டால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

“ஆன்லைனில் ஒரு சான்றிதழ் வாங்கினால் போதும்”

புதிய நெறிகளைத் தெரிந்துகொள்ள ஆன்லைன் வகுப்பு நல்ல வழி. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு வேறு வழியும் இருக்காது. ஆனால் கை செய்ய வேண்டிய வேலையைத் திரை கற்றுத்தராது. இன்சுலினையே பாருங்கள். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் அளந்து எடுத்தால், நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. படிக்கும்போது எல்லோருக்கும் இது புரியும். வார்டில், மூன்று பேர் ஒரே நேரத்தில் “சிஸ்டர்” என்று கூப்பிடும்போது குப்பியின் லேபிளைப் படித்துவிட்டுத்தான் சிரிஞ்சை எடுப்பேன் என்ற பழக்கம், மேற்பார்வையோடு செய்து செய்துதான் வரும். சிரிஞ்ச் பம்பும் வென்டிலேட்டர் அலாரமும் அப்படித்தான். பொம்மையில் பயிற்சி, பிறகு ஒரு மூத்த செவிலியர் பக்கத்தில் நிற்க நோயாளியிடம் பயிற்சி. இரண்டும் இல்லாத பயிற்சியை முழுப் பயிற்சியாக எண்ணாதீர்கள்.

“இடைவெளியை மறைத்துவிடலாம்”

வேண்டாம். தெரிந்தவர் மூலம் கிடைக்கும் போலி அனுபவச் சான்றிதழ் ஒருநாள் பதிவையே காவு வாங்கும். அதைவிட, உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி முதல் நாளே தனியாக நைட் டியூட்டி போட்டுவிடுவார்கள். எட்டு ஆண்டு வேலையில் இல்லை, இன்ன பயிற்சி முடித்திருக்கிறேன், முதல் சில வாரம் துணை வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். மாமியாரைப் பல ஆண்டு படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டது பணி அனுபவமாகக் கணக்கில் வராது, ஆனால் நேர்காணலில் அதையும் தயங்காமல் சொல்லலாம். சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய அனுபவத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் படித்து வந்தவர் சம்பளம்தான் தருவேன் என்று சில இடங்களில் சொல்வார்கள். பயிற்சிக் காலத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள், அது முடிந்ததும் உயர்வு உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“இந்த வயதில் வார்டில் ஓட முடியாது”

ஓட வேண்டிய வார்டு மட்டுமே செவிலியர் வேலை அல்ல. டயாலிசிஸ், புறநோயாளிப் பிரிவு, தடுப்பூசி மையம், நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு எல்லாமே செவிலியர் வேலைதான். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைக்காகச் செவிலியர்கள் வீடுகளுக்கே போகிறார்கள். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவரிடமும், செய்வதறியாமல் நிற்கும் அவர் குடும்பத்திடமும் பேச, சொந்த வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட ஒருவரைவிடப் பொருத்தமானவர் யார்?

வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போக நினைப்பவர்கள் மட்டும் அவசரப்படக் கூடாது. வேலைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் அண்மைக்கால அனுபவம் கேட்பார்கள். முதலில் இங்கே வேலையில் சேர்வதே அதற்கும் வழி.

மருத்துவமனை நிர்வாகங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் மேல் விளம்பரம் கொடுக்கிறீர்கள். திரும்பி வரும் ஒரு செவிலியருக்கு நான்கு வாரம் பகல் ஷிப்ட், கூடவே நிற்க ஒரு மூத்த செவிலியர், அந்த நாட்களுக்கும் சம்பளம், இவ்வளவு கொடுங்கள். வேலையை விட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகளே, பீரோவில் இருக்கும் பதிவுச் சான்றிதழை இந்த வாரமே எடுத்து, எந்த ஆண்டோடு அது முடிந்தது என்று பாருங்கள். கவுன்சிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதிலிருந்துதான் தொடங்குகிறது.